ஜாடியில் மிச்சம்

அனகாபுத்தூர்
8.2.1988

அன்புத் தம்பி லாசரஸுக்கு,

ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும். நானும் அப்பாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதினால் அப்பாவின் கால்விரல் புண் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

பல்லாவரத்து சாம்பசிவன் லீவில் வந்தவர், நீ கொடுத்தனுப்பிய மருந்து டப்பாவைப் போன மாதமே கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரைப் புண்ணைக் கழுவ ஏதாவது அனுப்பு என்றால், ஒரு ஆஸ்பத்திரியையே அனுப்பிவிட்டாயே! ஊறுகாய் ஜாடியைக் கழுவி, மருந்தில் தண்ணீர் கலந்து பஞ்சை ஊறப்போட்டிருக்கிறேன். காலையும் மாலையும் புண்ணைத் துடைக்கிறேன். குறையக் குறைய மேலே கொஞ்சம் மருந்து, கொஞ்சம் தண்ணீர். அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காலை நீட்டி, "எம் புள்ள அனுப்ச்சது, சவுதி மருந்து. வாசனைய பாரு" என்கிறார்.

எதிர்வீட்டு கங்கம்மாவின் மகள் கஞ்சியைக் கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டாள். "யக்கா, இவளுக்கும் கொஞ்சம் தொட்டு வையேன்" என்று கங்கம்மா வந்து நின்றாள். வைத்தேன். இப்போது தெருவே சிராய்ப்பையும் சேற்றுப்புண்ணையும் தூக்கிக்கொண்டு வருகிறது. எனக்குப் பேச ஆள் கிடைத்த மாதிரி ஆயிற்று.

மூன்று வருஷமாக லீவு, லீவு என்கிறாய். எப்போதுடா வருவாய்?

உன் அக்கா,
செல்வமேரி


தம்மாம்
2.3.1988

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். இந்த வருஷமும் லீவு இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருக்கும்போது நான் என்ன பேச?

இந்த ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக அதே மருந்தைக் கலக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. என் சட்டை, போர்வை, சாப்பிடுகிற சோறு எல்லாம் அந்த வாசனைதான். வீட்டிலும் அதே வாசனை அடிக்கிறது என்று படித்ததும், நானும் அப்பா பக்கத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன் அக்கா.

அடுத்த டப்பா கிறிஸ்துமஸுக்குத்தான் அனுப்ப முடியும். அதுவரை வரட்டும். சிக்கனமாக வை.

உன் தம்பி,
லாசரஸ்


அனகாபுத்தூர்
20.6.1988

அன்புத் தம்பிக்கு,

இதை நிதானமாகப் படி. அப்பாவின் புண் ஆறவில்லை. பச்சையாகச் சீழ் வைத்து, விரலிலிருந்து பாதத்துக்கு ஏறிவிட்டது. கங்கம்மா மகளின் கையிலும் அதே பச்சைச் சீழ். நான் பஞ்சு வைத்த இன்னும் சில பேருக்கும் அப்படித்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்தேன். அங்கே ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஜாடியக் கொண்டு வாங்கம்மா" என்றார். பரிசோதனை செய்து பார்த்தால், மருந்துக்குள்ளேயே கிருமி உயிரோடு இருக்கிறதாம். கிருமியைக் கொல்ல வந்த மருந்தில் கிருமி குடும்பம் நடத்துகிறது! நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற மருந்து நீர்த்துப் போயிற்று. அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பித்த கிருமி அதையே பழகிக்கொண்டு, பழைய பஞ்சில் பெருகிவிட்டது. அதைத்தான் நான் வீடு வீடாகத் தொட்டு வைத்திருக்கிறேன்.

"இது எங்க வார்டுல பரவிட்டா, நாங்க எதப் போட்டுக் கழுவுறது சொல்லுங்க?" என்று அந்த அம்மா கேட்டார். அப்பாவைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டுமாம். அவர் உன்னைத்தான் கேட்கிறார். எப்படியாவது வா.

உன் அக்கா,
செல்வமேரி


தம்மாம்
11.7.1988

அக்காவுக்கு,

கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இங்கே ஒவ்வொரு நாளும் மிச்சத்தைக் கொட்டி, பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மறுநாள் அளவு பார்த்துப் புதிதாகக் கலக்குகிறோம். கொட்டுவதே என் வேலை. நீ ஏன் கொட்டவில்லை? படித்தவள்தானே, பழையதன் மேலேயே யாராவது ஊற்றுவார்களா?

லீவு கேட்டேன். ஒப்பந்தம் முடியாமல் போனால் திரும்பி வர முடியாது என்கிறார்கள். கடனை உடனை வாங்கிப் பெரிய டப்பாவாக அனுப்புகிறேன். இந்த முறையாவது ஒழுங்காக வை.

லாசரஸ்


அனகாபுத்தூர்
4.10.1988

லாசரஸுக்கு,

அப்பா போன அன்றே தந்தி கொடுத்தேன். நீ வரவில்லை. நேற்று உன் டப்பா வந்தது.

காலை எடுத்த பிறகும் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. அந்த அறையை பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் கழுவுவார்கள். கடைசி நாட்களில் அப்பா மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்து, "புள்ள வாசனையே வர்லியே, எங்க போய்ட்டான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கங்கம்மா மகளின் கை ஆறிவிட்டது; விரல்கள் மட்டும் மடங்கியே இருக்கின்றன. கங்கம்மா என்னைத் திட்டவில்லை. தெருவில் யாரும் திட்டவில்லை. ஆனால் யாரும் வருவதில்லை. தண்ணீர் கொடுத்தால்கூட வாங்குவதில்லை.

ஏன் கொட்டவில்லை என்று கேட்டாய். கிறிஸ்துமஸ் வரை வரட்டும் என்று எழுதினவன் நீ. ஜாடியில் அடி தெரியும்போதெல்லாம் நீ இன்னும் தூரமாகப் போவது போல இருக்கும். தண்ணீர் ஊற்றுவேன். வீட்டில் உன்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். அதை எப்படிடா சாக்கடையில் கொட்டுவேன்?

புது டப்பாவைத் திறக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஜாடியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, உடைத்துக் கொல்லையில் புதைத்தேன். வீட்டில் இப்போது எந்த வாசனையும் இல்லை.

இனி எதையும் அனுப்பாதே. வருவதானால் வா. இல்லையென்றால் எழுதவும் வேண்டாம்.

செல்வமேரி