மேல் தட்டுல வெச்ச பால்

புதன், 10

காலையில இருந்து புழுக்கம். மழை வரும் வரும்னு வானம் ஏமாத்துது. பாப்பா முதுகு பூரா வேர்க்குரு.

நாளைக்கு கீழ்பென்னாத்தூர்ல கவிதா ரிசப்ஷன். காலேஜ்ல மூணு வருஷம் ஒரே பெஞ்ச். போயே ஆகணும். பாப்பா பொறந்து அஞ்சு மாசத்துல ஆஸ்பத்திரி தவிர எங்கயும் போனதில்ல.

வீட்டுக்காரர் பாத்துக்குறேன்னுட்டாரு. "நாலு மணி நேரம்தானே, எனக்குத் தெரியாதா?"ன்னாரு.

அடுத்த மாசம் ஆடிட்டர் ஆபீஸ்ல திரும்ப சேரணும். அவருக்கு வேலை வீட்ல இருந்தே, கம்ப்யூட்டர்ல. பகல்ல பாப்பா அவர்கிட்டதான்னு பேச்சு. நாலு மணி நேரம் விட முடியலன்னா எட்டு மணி நேரம் எப்படி விடுறது? அதான் பயம்.

பால் எடுக்குற கைப் பம்பு. அமுக்கி அமுக்கி கட்டைவிரல் மரத்துப் போச்சு. மூணு தடவை எடுத்து சேர்த்தாதான் சின்ன டப்பாவுல முக்கால் வருது. அந்தப் பக்கம் போன வீட்டுக்காரர் எட்டிப் பாத்து, "காலங்காத்தால பால் கறவையா?"ன்னு சிரிச்சாரு. சீ. என்ன ஜோக்கோ.

ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினது:
1. மேல் தட்டு, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. பாப்பா பால்.
2. அடுப்புல வைக்கக் கூடாது. சுடுதண்ணியில டப்பாவ வெச்சா போதும்.
3. பாலாடையில கொஞ்சம் கொஞ்சமா. அஞ்சரைக்குப் பாதி, ஏழரைக்கு மீதி.
4. ஏப்பம் வர்ற வரைக்கும் தோள்ல.
5. ஜாஸ்தி அழுதா போன்.

"படிச்சிட்டீங்களா?" "ம்." கண்ணு மொபைல்ல.

வியாழன், 11

மூணரைக்குக் கிளம்பினேன். பட்டுப்புடவை ஜாக்கெட் முதுகுல கொக்கி மாட்டவே மாட்டேன்னுது. சேஃப்டி பின். பாப்பா தூங்கிட்டு இருந்தா. முத்தம் குடுக்கல, எழுந்துடுவான்னு.

மண்டபத்துல நுழைஞ்சதும் ஆரம்பிச்சுட்டாங்க. "அய்யய்யோ, பச்சப் புள்ளய விட்டுட்டா வந்த?" நாலு பேர் கேட்டாங்க. கேட்டதுல ரெண்டு பேர எனக்கு யாருன்னே தெரியாது. அவரு தினம் ஒரு மணி நேரம் டீக்கடையில உக்காந்திருக்காரே, யாராவது ஒருத்தர் கேட்டிருப்பாங்களா?

ஆறு மணிக்கு மார் ரெண்டும் கல்லு. பக்கத்து சீட்ல யாரோ கைக்குழந்த அழுதுச்சு, அவ்ளோதான், ஜாக்கெட் நனைஞ்சிடுச்சு. முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு பாத்ரூமுக்கு ஓட்டம். தாழ்ப்பாள் இல்ல. தரையில சகதி, மூலையில எவளோ போட்ட நாப்கின், பூ, முடி. மூக்கப் பொத்த ஒரு கை வேணும், கதவப் பிடிக்க ஒரு கை வேணும். வாஷ்பேசின்ல பீய்ச்சி விட்டேன். அத்தனையும் சாக்கடைக்கு.

வெளிய வந்து போன் போட்டேன். "குடிச்சாளா?" "குடிச்சிட்டா. தூங்குறா." பின்னாடி மணி சத்தம். டிவின்னு நெனச்சேன். நிம்மதியா போய் பிரியாணி துன்னேன்.

எட்டேகாலுக்கு வீடு. பாப்பா மூஞ்சி வீங்கி, தொண்ட கட்டி, அழக்கூட சத்தம் வரல. மார்ல வெச்சதும் கடிச்சா. மூச்சு விடாம இழுத்து, விக்கி, திரும்ப இழுத்து. குடிச்ச புள்ளயா இது?

"டப்பா கை தவறிக் கொட்டிடுச்சு. சொன்னா நீ பயந்துடுவியேன்னுதான்..."

"அப்ப என்ன குடுத்தீங்க?"

"சர்க்கரைத் தண்ணி. ரெண்டு பாலாடை."

அஞ்சு மாசக் குழந்தைக்கு. அவர்கூட பேச்சில்ல. நான் சாக்கடையில ஊத்திக்கிட்டு இருந்த நேரத்துல இவ பட்டினியா கத்திக்கிட்டு இருந்திருக்கா.

வெள்ளி, 12

கீரைக்காரம்மா வந்தப்ப வாசல்ல செல்வி அக்கா. பிரதோஷத்துக்கு வீடு வீடா பால் வாங்கி தெருமுனை ஈஸ்வரன் கோயில்ல குடுக்குறவங்க.

"நேத்து உங்க வீட்டுக்காரர் டப்பாவோட எடுத்துக் குடுத்தாரும்மா. கம்மியா இருந்தா என்ன, குடுக்கற மனசுதான். ஆனா உங்க பால்காரன மாத்து. தண்ணி ஜாஸ்தி. நீலம் பாரிச்ச மாதிரி இருந்துச்சு, மேல மட்டும் மஞ்சளா ஏடு."

என் கையில இருந்த கீரைக்கட்டு விழுந்துச்சு.

"அப்புறம் அரக்கப் பரக்க ஓடி வந்தாரு, அந்த டப்பா வேணும்னு. அதுக்குள்ள நந்திக்கு ஊத்தியாச்சு. டப்பா மட்டும் குடுத்து அனுப்பிச்சேன்."

உள்ள போய் கேட்டேன். ஒத்துக்கிட்டாரு. பாக்கெட் பால் தீந்து போச்சாம். செல்வி அக்கா கேட்டாங்களாம். மேல் தட்டுல டப்பா இருந்துச்சாம். நான் எழுதி ஒட்டின பேப்பர் இருக்கற கதவத் திறந்துதான் எடுத்திருக்காரு!

"சத்தம் போடாத. கதவ சாத்து. தெருவுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். சாமிக்குப் போய் இந்த அசுத்தத்த..."

"எது அசுத்தம்?"

எழுந்து போய் அவரே கதவ சாத்தினாரு.

"கோயிலுக்கு ஓடினப்ப பாப்பா எங்க?"

"தொட்டில்ல. பக்கத்துலதானே, பத்து நிமிஷம்தான்."

"நான் போன் பண்ணப்ப?"

தல குனிஞ்சுக்கிட்டாரு. அந்த மணி டிவி இல்ல. கோயில் மணி. இங்க தொட்டில்ல ஒத்தையில கத்திக்கிட்டு இருக்கா, அங்க நின்னுக்கிட்டு "தூங்குறா"ங்கறாரு. ஏன் அங்கயே நின்னீங்கன்னு கேட்டா, பரிகாரமா பால் வாங்கி ஊத்திக்கிட்டு இருந்தாராம். பாக்கெட் பால் கடையில கிடைச்சிருக்கு பாரு.

நந்திக்கு ரெண்டு லிட்டர். என் புள்ளைக்கு சர்க்கரைத் தண்ணி.

தூ. எழுதவே கை கூசுது. நந்தி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. தாய்ப்பால்னா அது கோச்சுக்கவா போகுது? இந்த மனுஷன் சாப்பிட்ட தட்ட எடுத்து வைக்கக்கூட அருவருப்பா இருக்கு. வைக்கல. சிங்க்ல ஈ மொய்க்குது, மொய்க்கட்டும்.

சனி, 13

மழை. துணி காயல. பாப்பாவுக்குத் தொண்ட தேவல.

ரெண்டு நாளா சாம்பார் சாதம் அவரே வெச்சுக்கிறாரு. உப்பு இல்ல. நல்லா இருக்குன்னு துன்றாரு.

சாயங்காலம் பக்கத்துல வந்து உக்காந்து, "மனசு சரியில்ல. நாளைக்கு செருப்பில்லாம கிரிவலம் போய்ட்டு வரேன். தோஷம் கழிஞ்சிடும்"ன்னாரு.

கல்யாணமாகி மூணு வருஷத்துல மொத தடவ என் வாய்ல 'நீ' வந்துச்சு. "நீ எங்கயும் போகாத. வீட்ல இரு. நான் போறேன் வெளிய. அதே நாலு மணி நேரம்."

"கோவத்துல சொல்றியா?"

"ஆமா."

அப்புறம் அழுதேன். திரும்ப இவன்கிட்டயே விடணுமேன்னு. ஆனா விடாம இருந்தா வேல போச்சு, அப்புறம் ஆயுசுக்கும் நான் மட்டும்தான். அதுக்கு இவன் நிம்மதியா டீ குடிக்கப் போவான்.

ஞாயிறு, 14

மூணு மணிக்கு டப்பா நிரப்பினேன். பேப்பர ஒப்பிக்கச் சொன்னேன், ஸ்கூல் புள்ள மாதிரி. நாலாவத மறந்துட்டான். திரும்ப ஒப்பிச்சான். மூணேகாலுக்குக் கிளம்பினேன்.

தேரடித் தெரு ஜூஸ் கடை. இங்க உக்காந்துதான் எழுதுறேன். எனக்கு வேற போக்கிடம் இல்ல. எதிர்ல கரும்புகை கக்குற பஸ்ஸு, வாழைத்தோல், மாட்டுச் சாணி, வெளியூர்க் கூட்டம்.

அஞ்சு நாப்பதுக்கு போன். எடுத்ததும் அலறல். பாப்பா.

"குடிக்க மாட்டேங்குறா. பாதி என் மேல ஊத்திட்டா. என்ன பண்றதுன்னு தெரியல."

ஜாக்கெட் நனைஞ்சுடுச்சு. வந்துடுறேன்னு சொல்ல வாய் வந்துச்சு. கடிச்சுக்கிட்டேன்.

"தோள்ல போட்டு நட. அழுக கம்மியானதும் திரும்பக் குடு. போன வைக்காத."

பதினோரு நிமிஷம் கேட்டேன். ஜூஸ் கடைக்காரர் என்னையே பாக்குறாரு. பாக்கட்டும். அழுக விசும்பலாச்சு. அப்புறம் அதுவும் இல்ல.

"குடிக்கிறா."

"நம்பல. காட்டு."

வீடியோவுல காட்டினான். சட்டை பூரா பால், வாந்தி. பாப்பா பாலாடைய வாயில கவ்விக்கிட்டு கண்ண உருட்டுது. அவன் கண்ணும் செவந்து கிடக்கு. அழுதிருக்கான்.

பாவமா இல்ல. இன்னும் வெறுப்புதான். ஆனா "தெரியல"ன்னு சொன்னான். அவன் வாயில வந்த மொத நெசம் இது.

மணி ஆறு. நாலு மணி நேரத்துல இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. வீட்டுக்குப் போகல. இன்னொரு சாத்துக்குடி சொல்லியிருக்கேன்.