என் கை வழியாக வரும் தபால்

9 அக். 2006, திங்கள்
புழுக்கம். மழை வரும் என்கிறார்கள், ஐந்து நாளாக. குரோம்பேட்டை போய் மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போட வேண்டும். போகவில்லை.

தபால்காரர் வழக்கம்போல் தெருவின் தபால் முழுவதையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியனுக்கு வேறென்ன வேலை என்பது அவர் கணிப்பு. சரிதான். இன்று வந்தவை: கல்யாணப் பத்திரிகை 1, பதிவு அலுவலக உறை 2. ஒன்று எதிர்வீட்டு சுந்தரத்துக்கு, ஒன்று பக்கத்து வீட்டு கபூர் பாய்க்கு.

உள்ளே இருப்பது தெரியும். சு. மகள் வித்யாவும் க.பா. மகன் இம்ரானும் பதிவுத் திருமணத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். முப்பது நாள் அறிவிப்பு, வீட்டுக்கும் ஒரு பிரதி. வேறு முகவரி எழுதலாமா என்று கேட்டார்கள். உண்மையையே எழுதுங்கள், தபால் என் கை வழியாகத்தான் வரும் என்று தைரியம் சொன்னவன் நான். படிவத்தை நிரப்பியவனும் நான். கையெழுத்து நன்றாக அமைந்திருந்தது.

உறைகள் அகராதிக்குள்.

11, புதன்
தூறல். க.பா. வீட்டு நோன்புக் கஞ்சி, எனக்கொரு தூக்கு, சுந்தரத்துக்கொரு தூக்கு. இருபது வருட வழக்கம். சு. வீட்டில் தூக்கை வெறுமனே திருப்ப மாட்டார்கள். இன்று வாழைப்பழம்.

வித்யா வாசலில், பக்கத்தில் அவள் அம்மா. "தபால் ஏதாவது உண்டா அங்கிள்?" இல்லை என்றேன். பிறகு அவளைத் தனியே பார்த்துத் திருத்தவில்லை. அலுப்பு.

14, சனி
வெயில். சுந்தரம் வந்தார். வித்யாவுக்கு பெங்களூர் வரன் முடிகிறதாம், பத்திரிகை வாசகம் நான் எழுதித் தர வேண்டும். காபி. இருவர் முழங்கால் பற்றியும் பேச்சு. பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவ ஒரு மாதிரி இருக்கா சார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா? இல்லைன்னு சொல்லுங்க, நம்பிட்டுப் போறேன்."

சொல்லியிருக்கலாம். புதனன்று சொல்ல முடிந்த வார்த்தைதான். துரோகிகளைப் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தினேன். அந்த நேரத்தில் அவர்கள் களைத்திருந்தார்களா என்று எந்தப் பாடநூலிலும் இல்லை. நான் களைத்திருந்தேன். அகராதியைத் திறந்தேன். இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு போனார்.

15, ஞாயிறு
மழை, கடைசியில். காலையில் வித்யாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் என் வீட்டுப் பக்கம் பார்த்தாள், உதவிக்கு. செய்தித்தாளை உயர்த்திக்கொண்டேன்.

க.பா. பெயருக்கு வந்த உறையை அவர் கையில் திணித்துவிட்டு சு. திரும்பினாராம். மாலையில் க.பா. வீட்டிலிருந்து ஒரே ஒரு தூக்கு வந்தது, எனக்கு. குடித்தேன்.

சு. கிளம்புமுன் என்னிடம் சொன்னது: "தபால்காரர் ரெண்டையும் நேரா என் கையில குடுத்துட்டார்னு சொல்லியிருக்கேன். உங்க பேர் வராது." பெண் எந்த ஊரில் என்பதையும் சொன்னார். யாருக்கும் தெரியக் கூடாதாம். சரி என்றேன்.

17, செவ்வாய்
மழை விட்டிருக்கிறது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். அதில் நடந்து இம்ரான் வந்தான். சவரம் இல்லை. அவன் அப்பா அவனோடு பேசுவதில்லை, வித்யாவின் செல் அணைந்து கிடக்கிறது. எங்கே வைத்திருக்கிறார்கள், தெரியுமா என்றான். தெரியாது என்றேன்.

"உங்க மேல தப்பு இல்ல சார். எல்லாம் அந்த போஸ்ட்மேன். எப்பவும் உங்ககிட்ட குடுக்கிற ஆளு, அன்னிக்குன்னு பார்த்து வித்யா அப்பாகிட்ட குடுத்திருக்கான். அவன் மேல ஒரு கம்ப்ளெயின்ட் எழுதித் தாங்க. நீங்க எழுதினாதான் எடுபடும்."

வெள்ளைத்தாள் அவனே கொண்டுவந்திருந்தான். பேனாவைத் திறந்தேன். இன்று என்ன தேதி என்று அவனைக் கேட்டேன்.