நீங்கள் மாம்பூ என்று சொன்ன ஸ்காட்ச்

இன்று காலை என் பொள்ளாச்சித் தோப்பில் ஈரத் தேங்காய் மட்டைகளைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். தீ பிடிக்கவில்லை. புகை மட்டும் எழுந்து, மரங்களுக்கிடையே இளவெயிலில் மிதந்துகொண்டிருந்தது. அந்த வாசத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பம்பாயிலிருந்து கோவை வரும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை நமக்கு. நான் மில் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்பவன். நீங்கள் மோட்டார் பம்பு செய்பவர். இரண்டு பேர் மடியிலும் வெளிநாட்டு விமான நிலையத்தில் வாங்கிய விஸ்கிப் புட்டி, பையோடு. எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்.

"ஏனுங்க, உங்குளுது ஸ்காட்சுங்களா? என்னுது ஐரிஷுங்க. ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்கு வாங்க, ரெண்டையும் வெச்சுப் பாத்துப்போடலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. உங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டு மாடி, மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய வெளிச்சம், ஆளுக்கு இரண்டு சிறிய கிளாஸ். சோடா கூடாது, நாலு சொட்டு சிறுவாணித் தண்ணீர் மட்டும். என் ஸ்காட்சை முதன்முதலாக மோந்து பார்த்துச் சிரித்தீர்கள். "ஈர மட்டையப் பத்த வெச்ச மாதிரி இருக்குதுங்களே! இதையா அத்தன தூரம் தூக்கிட்டு வந்தீங்க?" பிறகு உங்கள் ஐரிஷ் விஸ்கியை முகர்ந்து, கண்ணை மூடி, "மாம்பூ. அதுக்கடியில புது வைக்கோல்" என்றீர்கள். எனக்கு எதுவும் சொல்ல வராது. எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்குதுங்க" என்பேன்.

யார் எந்த ஊருக்குப் போய்வந்தாலும் ஒரு புட்டி வரும். வருடங்கள் அந்த மாடியிலேயே மெதுவாக நகர்ந்தன.

ஒரு மழைக்காலத்தில் பல்லடம் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தீர்கள். தலையில் அடி. இரண்டு மாதம் கழித்து மறுபடி மாடியில் உட்கார்ந்தோம். பேச்சு மும்முரத்தில் உங்கள் ஐரிஷ் கிளாஸில் என் ஸ்காட்சை ஊற்றிவிட்டேன். திருத்துவதற்குள் நீங்கள் எடுத்து முகர்ந்து, கண்ணை மூடினீர்கள்.

"மாம்பூ" என்றீர்கள்.

மாடி முழுக்கப் புகை வாசம் வீசிக்கொண்டிருந்தது. என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?"

ஆமென்று தலையசைத்தேன். கிளாஸைக் கீழே வைத்தீர்கள். "விழுந்ததுலயிருந்து ஒரு வாசமும் தெரியலீங்க. நாக்குல எரியறது மட்டுந்தான் தெரியுது. ஊட்டுல கூடச் சொல்லல. உங்ககிட்டச் சொன்னா அப்புறம் ஞாயித்துக்கெழம வரமாட்டீங்களோன்னு..."

அந்தக் கிளாஸை நானே எடுத்து முகர்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக வார்த்தை தேடினேன். "பெயிண்டு வாசமுங்க" என்றேன்.

"எந்தப் பெயிண்டுங்க? கேட்டுக்கு அடிக்கறதா, செவுத்துக்கு அடிக்கறதா?"

"கேட்டுக்கு. அடிச்சு ஒரு வாரம் ஆயிருச்சு."

வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து முகர்வது என் வேலை, கேள்வி கேட்பது உங்கள் வேலை. லேசில் விடமாட்டீர்கள். வெல்லம் என்றால் காய்ச்சும்போதா, ஆறிய பிறகா என்பீர்கள். நான் சொல்லச் சொல்ல, ஏதோ தூரத்துப் பாட்டைக் கேட்பவர்போல் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

உங்களுக்குப் பேத்தி பிறந்த வாரம் நான் வந்தபோது மாடியில் புட்டி இல்லை. குழந்தையைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு நின்றீர்கள். "இந்த அம்மணி எப்படி மணக்கறான்னு சொல்லுங்க" என்றீர்கள்.

குனிந்து உச்சியை முகர்ந்தேன். வெகுநேரம் எடுத்துக்கொண்டேன். "காய்ச்சாத பாலுங்க. வெயில்ல காஞ்ச பழைய வேட்டி. காதுக்குப் பின்னால கொஞ்சம் வசம்பு. அப்புறம்... உங்க வீட்டம்மாவோட மஞ்சள்."

நீங்கள் குழந்தையின் தலைமேல் மூக்கை வைத்துக் கண்ணை மூடினீர்கள். "ஆமாங்க" என்றீர்கள். "தெரியுதுங்க."

நீங்கள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. உங்களுக்குப் பிறகு நான் குடிப்பதுமில்லை. ஆனால் "நல்லாருக்குது" என்று மட்டும் சொல்லி எந்த வாசத்தையும் விட்டுவிட முடியவில்லை. அவிநாசிக் கோயில் பிரகாரத்தில், பேருந்துக் கூட்டத்தில், மழைக்கு முந்தைய காற்றில், எங்கேயானாலும் நின்று முகர்ந்து அதற்குச் சரியான வார்த்தையைத் தேடுகிறேன். கூட வருகிறவர்கள் அலுத்துப்போய் முன்னால் நடந்துவிடுகிறார்கள். வார்த்தை கிடைத்ததும் மெல்ல வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.