சூரி என்று பெயர் வைத்தவள்

இலஞ்சி,
வெகுதானிய வருடம், வைகாசி மாதம்

சிரஞ்சீவி ஆறுமுகநயினாருக்கு, உன் அப்பா சிவசைலம் ஆசீர்வதித்து எழுதுவது.

முதலில், இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கிற ஜெயில் ஐயா அவர்களுக்கு என் கும்பிடு. ஐயா, இதில் கத்தி என்ற வார்த்தை பல இடத்தில் வரும். அதற்காகக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். அது மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற கத்தி. விவரம் கீழே இருக்கிறது, படித்தால் தங்களுக்கே விளங்கும்.

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ அங்கே கிடந்து தவிப்பாய். அதனால் இருக்கிறபடி எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள். கோடை இந்த வருடம் ஆளைக் கொல்லுகிறது. சிற்றாறு மணலாய்க் கிடக்கிறது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள் பாறையையும் குரங்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஆனி பிறந்து சாரல் விழுந்தால்தான் கார் நெல்லுக்கு நாற்றுப் பாவ முடியும். சிவப்பு மாடு சினையாக இருக்கிறது.

குருவம்மாள் சுந்தரபாண்டியபுரத்தில் தன் அம்மா வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உன் மகள் தலை நின்றுவிட்டது. நெற்றி அப்படியே உன் நெற்றி. பாலுக்கு அழுகிறபோது முகம் சிவந்து கையை முறுக்குகிறாள், அந்தக் கோபமும் உன்னுடையதுதான். அது மட்டும் வேறு யாரையாவது கொண்டிருக்கலாம். எல்லோரும் பாப்பா, பாப்பா என்று கூப்பிடுகிறோம். இன்னும் பெயர் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டும்.

உன் கத்தி கிடைத்துவிட்டது.

கொண்டுவந்தவன் அய்யாக்குட்டி. ஆமாம், அதே அய்யாக்குட்டிதான். என் தம்பி மகன், உன்னோடு ஐந்தருவித் தோட்டத்தில் வேலை பார்த்தவன், உன் கையால் கழுத்தோரம் வெட்டுப்பட்டவன். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு பெரியப்பா என்று கூப்பிட்டான். உன் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு எழுந்து அடிக்கலாமா, உள்ளே வா என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. அவன் துண்டு முடிச்சை அவிழ்த்து அதைத் தரையில் வைத்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று அவனுக்கும் அவன் ஆத்தாள் சொல்லித்தானே வளர்த்திருப்பாள். இனிமேல் வருவதற்கு என்ன பகை பாக்கி இருக்கிறது என்று நினைத்தேன்.

"வாய்க்கால்ல தண்ணி சுத்தமா வத்திட்டு பெரியப்பா. மங்குஸ்தான் வேருக்குள்ள சொருகிக் கெடந்துச்சு. இம்புட்டுக் காணு கத்தியாலயா நான் சாகக் கெடந்தேன்னு இருந்துச்சு" என்றான். கழுத்தில் தழும்பு புழு மாதிரி நெளிந்து கிடக்கிறது. தலையை ஒரு பக்கம் திருப்ப முடியவில்லை, உடம்போடு சேர்ந்துதான் திரும்புகிறான். அவனைப் பார்க்கவும் எனக்கு மனம் பொறுக்கவில்லை, என்ன செய்ய. ஒட்டுக்கன்று பட்டுப்போனது உன்னால்தான் என்று அவன் முதலாளியிடம் போட்டுக் கொடுத்தது தப்பு. நீ கையில் கத்தியோடு இருக்கும்போது பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்தது அதைவிடத் தப்பு. ஆனாலும் நீ அந்தக் கையை வீசியிருக்கக் கூடாதுடா. மரத்துக்குக் காயம் படக் கூடாது என்று கத்தி முனையை மழுக்கியவன் நீ.

துரு ஏறி மடக்கு திறக்கவே இல்லை. சேக் தாவூது சாயபு கடையில் கொடுத்தேன். அவர் எண்ணெயில் ஊறப்போட்டுத் திறந்தார். திறந்த உடனே, அண்ணாச்சி, இது என் கைவேலைல்லா என்றார். செங்கோட்டைச் சந்தையில் கைப்பிடி உடைந்த கத்தியை நீ வாங்கி வந்ததும், அவர் பழைய கொம்புப் பிடியைக் கழற்றிவிட்டுக் கருங்காலிக் கட்டை போட்டுப் பித்தளை ஆணி அடித்ததும், இடுப்பு அரைஞாணில் கோத்துக்கொள்ள வால்பக்கம் வளையம் வைத்துக் கொடுத்ததும் எல்லாம் அப்படியே இருக்கிறது. வளையம்தான் பிளந்து போயிருக்கிறது. வாய்க்கால் கல்லில் நீ நாள் கணக்காக உட்கார்ந்து முனையைத் தேய்த்தாயே, ஒட்டுக்கட்டும்போது மரப்பட்டையைக் கிழிக்காமல் நெம்புவதற்கு, அந்த வட்டம் துருவுக்குள்ளும் தெரிகிறது. நகம் வெட்டின மாதிரி வட்டம். குத்தினால் வாழைப்பழத்தில்கூட இறங்காது.

சாயபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோர்ட்டில் அவர் இதையேதான் சொன்னார். ஊரில் ஆயிரம் கத்திக்குப் பிடி போடுகிறவன் ஒரு கத்தியை எப்படி ஞாபகம் வைத்திருப்பான் என்று சர்க்கார் வக்கீல் மடக்கிவிட்டார். சம்பவத்தன்றே வாய்க்கால் வெள்ளத்தில் போய்விட்ட கத்தி. காட்டுவதற்கு ஒன்றுமில்லை. இருந்தது உன் அம்மாவின் ஒரு வார்த்தைதான்.

அந்த வார்த்தையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதுவரை நீயும் நானும் அதை முழுதாகப் பேசினதில்லை. பாளையங்கோட்டையில் உன்னைப் பார்க்க வந்தபோது பேச விடவில்லை நீ. இப்போது கேள்.

உன் அம்மா ஆவுடைத்தாய்க்கு வாய் சும்மா இராது என்று உனக்குத் தெரியும். எதைக் கண்டாலும் ஒரு பெயர் வைத்துவிடுவாள். வெயில் ஏறின பிறகு எழுந்திருக்கிற மாட்டுக்குக் கலெக்டர். மெதுவாக நடக்கிற உன் பெண்டாட்டிக்குக் கூட்ஸ் வண்டி. எனக்கு என்ன பெயர் என்று இங்கே எழுத முடியாது, ஐயா படிக்கிறார். நீ அந்தக் கத்தியை முதன்முதலில் கொண்டுவந்து பெருமையாகக் காட்டியபோது, "ஏலே, எம்மாம் பெரிய சூரிலே இது! எலிக்குஞ்சு வாலை அறுக்கவே ரெண்டு நாள் ஆவுமே" என்று சிரித்தாள். நீயும்தான் சிரித்தாய். அன்றையிலிருந்து நம் வீட்டில் அதற்குப் பெயர் சூரி. அம்மா, சூரியைக் காணோம் என்று நீயே எத்தனை நாள் தேடியிருக்கிறாய். ஊராருக்குச் சூரி என்றால் குடல் சரிக்கிற கத்தி. நமக்கு வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற சாமான்.

போலீஸ்காரர் வாசலில் நின்று, அன்றைக்கு உன் மகன் வீட்டிலிருந்து கத்தி எடுத்துக்கொண்டு போனானா என்று கேட்டார். அவள் உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், நயினார். "அன்னைக்குன்னு என்னய்யா தனியா எடுக்கது, சூரி எப்பவும் அவன் இடுப்புலதான் கெடக்கும்" என்றாள். வேண்டுமென்று எடுத்துப் போகவில்லை, தினசரி இருக்கிறதுதான் என்று அர்த்தம். நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் அது தப்பாகப் படவில்லை. வீட்டுப் பேச்சு வெளியே போனால் வேறு பேச்சாகிவிடும் என்று யார் கண்டது. கோர்ட்டில் அதை வாசித்தார்கள். எதிரி, அதாவது நீ, எந்நேரமும் சூரிக்கத்தி தரித்துத் திரிகிறவன் என்று இருந்தது. நீ சொன்னதுதானா அம்மா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். விளையாட்டுக்குச் சொன்ன பெயர் என்று சொல்ல வாயெடுத்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

பிறகு பாளையங்கோட்டைக்கு மனுப் போட்டு உன்னைப் பார்க்க வந்தோம். அவள் உனக்குப் பிடிக்கும் என்று அதிரசம் கொண்டுவந்திருந்தாள். நீ அப்பாவை மட்டும்தான் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பினாய். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "அவுக வாயைத் தெறக்காம இருந்திருந்தாலே நான் வீட்டுக்கு வந்திருப்பேன்" என்றாய். அவள் கதவோரம்தான் நின்றாள். உனக்குத் தெரியாது.

நீ சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். பேசாமல் இல்லை, பேசுகிறாள். ஆனால் எதற்கும் பெயர் சொல்லுவதில்லை. அதுக்குத் தண்ணி வச்சாச்சா என்பாள், மாட்டைத்தான். இதைக் கொஞ்சம் எடுங்க என்பாள், சொம்பா முறமா என்று நான் தேட வேண்டும். குருவம்மாளை ஏளா என்பாள், அதோடு சரி. கூட்ஸ் வண்டி என்று ஒரு தரம் கூப்பிடுங்க அத்தை என்று அந்தப் பெண் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். உன் பெயர் அவள் வாயில் வந்து எவ்வளவோ காலமாயிற்று. அங்கன இருக்கவன் என்பாள்.

கத்தியைச் சாயபுவிடமிருந்து வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "பேனாக்கத்தி. இது பேனாக்கத்தி துரைமாரே" என்றாள். அது ஒன்றுதான், நீ போன பிறகு அவள் பெயர் சொன்ன பொருள். அப்பீல் வக்கீல் என்றைக்கோ என்னிடம், பேனாக்கத்தி என்று சொல்லியிருந்தால் கேஸே வேறு என்று சொன்னதைக் கேட்டுப் பாடம் பண்ணி வைத்திருந்திருக்கிறாள். நான் போயி இன்னொரு தடவ சொல்லிட்டு வரட்டா என்று கேட்டாள். அப்பீலும் தள்ளியாகிவிட்டது, இனிமேல் கேட்க மாட்டார்கள் என்றேன். "ஒரு மனுசிகிட்ட ஒரு தடவதான் கேப்பாகளோ" என்றாள்.

ஆனாலும் மனம் கேட்காமல் தென்காசிக்கு வக்கீலிடம் கொண்டுபோனேன். அய்யாக்குட்டியும் கூட வந்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்று. வக்கீல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரிக் கத்தி ஒன்று யாரும் செய்து துருப்பிடிக்க வைத்துக் கொண்டுவரலாமே, நம்ப மாட்டார்கள் என்றார். பேசிக்கொண்டே அதாலேயே தம்முடைய பென்சிலைச் சீவிக்கொண்டார். நன்றாகச் சீவுகிறது ஓய் என்று திருப்பிக் கொடுத்தார். வரும் வழியில் அய்யாக்குட்டி, தன் வீட்டுத் திருப்பம் வந்ததும், நயினாருக்கு எழுதினா நான் விசாரிச்சேன்னு எழுதுங்க என்றான். எழுதிவிட்டேன்.

ஆகையால் கத்தி கிடைத்ததால் உனக்கு விடுதலை இல்லை. அதை மறைத்து உன்னை ஆசைப்பட வைக்க எனக்கு இஷ்டமில்லை. அதைத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நீ வந்து எடுத்துக்கொள்.

இப்போது பிள்ளை விஷயம். நம் வீட்டில் அப்பனைப் பெற்றவள்தான் பிள்ளையின் காதில் பெயர் சொல்ல வேண்டும். எனக்கு என் ஆச்சி சொன்னாள், உனக்கு என் அம்மா சொன்னாள். தொட்டில் கட்டி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, பிள்ளையை அவள் மடியில் கிடத்தினோம். மஞ்சள் பூசின அந்தச் சின்னக் காதோரம் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நிமிர்ந்துவிட்டாள். "என் வாயில இருந்து இதுக்கு ஒரு பேரும் வரவேண்டாம். நான் பேர் வச்சது என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்லா" என்று சொல்லிப் பிள்ளையைக் குருவம்மாளிடம் நீட்டினாள். வந்தவர்கள் பாயசத்தைக் குடித்துவிட்டுப் போனார்கள். வேறு யாராவது சொல்லட்டும் என்றால் குருவம்மாள் சம்மதிக்கவில்லை, அத்தைதான் சொல்ல வேண்டும் என்கிறாள். பண்பொழி மலையேறிக் குமாரசுவாமியிடம் வேண்டிக்கொண்டும் வந்துவிட்டேன். அவரும் உன்னிடம்தான் தள்ளிவிடுகிறார் போலிருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று நீ எழுத வேண்டாம். அந்த வார்த்தை எழுதினால் அவள் குற்றம் செய்தவள் என்று ஆகிவிடும். அம்மா, பிள்ளைக்கு நீயே பெயர் வை என்று ஒரு வரி, உன் கையால் எழுது. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் வாசிப்பேன். வாசிக்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள், இட்டுக்கட்டிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் நிஜமாகவே எழுது. அவள் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. கைவளை முழங்கை வரைக்கும் ஏறுகிறது. இதற்கு மேல் நான் விவரம் எழுத வேண்டாம்.

கடிதத்தை முடிக்கப் போகிறேன், நயினாருக்கு என்ன எழுதட்டும் என்று இப்போதுதான் அவளைக் கேட்டேன். பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "ஒண்ணும் வேண்டாம். நான் ஒண்ணு சொல்ல, அங்கன உள்ளவுக அதை எப்படி எழுதிக்கிடுவாகளோ" என்றாள்.

மகனே, உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தைக் குறை. குற்றாலநாதர் உனக்குத் துணை இருக்கட்டும். நீ ஒரு வரி எழுது. அவள் தன் வாயால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் சொல்லட்டும். என்ன சொன்னாலும் சொன்னபடியே எழுதிக்கொள்ள, இந்தத் தடவை நான் பக்கத்தில் இருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா
சிவசைலம்