ரெண்டாவது கரண்டி ரசம்

அண்ணாத்த,

செங்கல்பட்டில் பழைய கேசட்டை சிடியாக மாற்றித் தருகிற கடையில் இன்று உட்கார்ந்திருந்தேன். நீ என்னிடம் கொடுத்துவைத்த கல்யாண கேசட்டுதான். உறையைத் திறந்ததும் உன் ஸ்டுடியோ வாசனை அடித்தது. "ரொம்பப் பழசு சார், வந்தா உங்க லக்கு" என்றார் கடைக்காரர். திரையில் கோடு கோடாக ஓடி, பிறகு பந்தி வந்தது. அதில் ரசவாளியோடு நான். போன மாதம் உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோது வராத அழுகை அங்கே வந்து தொலைத்தது.

வீடியோவில் பெண்ணை எடுக்கச் சொன்னால் பந்தியை எடுக்கிறான் என்று உன்னைத் திட்டாத கல்யாண வீடே இல்லை. அதிலும் பரிமாறுகிற எங்கள் மூஞ்சியைத்தான் எடுப்பாய். நான் சலித்துக்கொண்டால், "எல்லாரும் எலையத்தான்டா பாக்கிறானுங்க. நானாச்சும் உன்னப் பாக்கிறேனே" என்பாய். கருங்குழிப் பக்கத்து நம் கிராமத்தில் நீ ஊர்த்தெரு, நான் காலனி. அங்கே எனக்கு டீ தனி கிளாஸில்தான். செங்கல்பட்டு மண்டபத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. சட்டை வெள்ளையாக இருந்தால் போதும், பரிமாறலாம்.

இந்தக் கேசட்டில் இருக்கிற கல்யாணம் நடந்த வருஷம் காலனிப் பையன்கள் ஐந்து பேர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அடுத்த வாரமே உன் தாய்மாமா போலீசில் மனு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு டீக்கடையில் வைத்து நாங்கள் ஐவரும் அவரை அடித்தோமாம். வேன் ஊர்த்தெருவை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே காலனிக்கு வந்தது. எனக்கு அரசு வேலைக்கு எல்லாம் முடிந்து, போலீஸ் சான்று மட்டும்தான் பாக்கி. கேஸ் விழுந்தால் வேலை போச்சு. "அய்யா, நான் அன்னிக்கு கல்யாணத்துல பரிமாறிகினு இருந்தேன்" என்றேன். "எல்லாரும் இப்டித்தான் சொல்வீங்க, ஏறு" என்றார்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவிலிருந்து டிவியும் கேசட் ஓட்டுகிற டெக்குமாக நீ இறங்கினாய். உன் மாமாவும் அங்கேதான் இருந்தார். அவரைப் பார்க்காமலேயே கேசட்டைப் போட்டாய். திரையின் மூலையில் அதே ஞாயிறு, அதே பன்னிரண்டரை. இலை முன்னால் உன் மாமா. ரசம் ஊற்றுவது நான். அவர் நிமிரவே இல்லை. கையைக் குவித்து இன்னொரு கரண்டி கேட்டார்.

"ரசம் வாங்கிகினே அடியும் வாங்குனியாய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பொய் பிடிபட்டதற்கு மாமா வெட்கப்படவில்லை. "அப்ப நான் இவன் கையாலயா துன்னேன்?" என்றார்.

"ரெண்டாவது கரண்டி கேட்டு வாங்குன, மாமா" என்றாய்.

மாலைக்குள் எங்கள் ஐந்து பேரையும் விட்டுவிட்டார்கள். வெளியே வந்து நான் விட்ட மூச்சு எனக்கே கேட்டது. அப்புறம் சிரிப்பு வந்தது பார், பஸ் ஸ்டாப் வரைக்கும் அடக்க முடியவில்லை. எனக்கு வேலை கிடைத்தது. உனக்கோ ஊரில் ஒரு கல்யாணமும் வரவில்லை, மாமா பெண்ணைக் கட்டுகிற பேச்சும் நின்றுபோனது. மாமல்லபுரத்தில் சுற்றுலா வந்தவர்களைப் படமெடுத்துப் பிழைத்தாய். நான் வருத்தப்பட்டால், "வுடுடா, பேஜாரு வுட்டுச்சு" என்பாய். அதை நான் முழுசாக நம்பியதில்லை.

இப்போதெல்லாம் கல்யாணங்களில் நானும் இலை முன்னால் உட்காருகிறேன். ரசம் வரும்போது நிமிர்ந்து, ஊற்றுகிறவர் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். சிலர் பதறிப்போய், "இன்னா சார், இன்னும் எதுனா வேணுமா?" என்கிறார்கள்.

"ஒண்ணும் வேணாம்பா, சும்மா பாத்தேன்" என்கிறேன்.