பன்னிரண்டு மூட்டை, இரண்டு பேருக்கு

அக். 6, திங்கள்
சரக்கு வைக்கும் கிட்டங்கியில் இருந்த பன்னிரண்டு மூட்டை விதைப்பூண்டை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறேன். பூண்டி ராமசாமிக்குப் பன்னிரண்டு. மன்னவனூர் செல்விக்கும் அதே பன்னிரண்டு. கம்ப்யூட்டரில் இருப்பு: மைனஸ் பன்னிரண்டு.

பெருமாள்மலையில் காலையிலிருந்து தூறல். இருவரும் பாத்தி கட்டித் தயார். இந்த வாரம் ஊன்றாவிட்டால் இந்தப் போகம் போச்சு.

செல்வி போனில்: "பாய், ஆளுகளுக்குச் சொல்லிட்டேன். பூண்டு வரலைன்னா உங்க கடை வாசல்லயே பாத்தி கட்டிருவேன்."

விற்பனைப் பொத்தானை நான் இரண்டு தடவை அமுக்கவில்லை. சத்தியம்.

அக். 7, செவ்வாய்
வெள்ளனே நாயுடுபுரம், ஸ்டெல்லா டீச்சர் வீடு. கடைக் கணக்குக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர். நல்ல காபி.

"ஒரு தடவைதான் அமுக்கியிருக்கீங்க பாய். இந்தப் புரோகிராம்ல கிட்டங்கி ஒரு ஆப்ஜெக்ட், வண்டி ஒரு ஆப்ஜெக்ட், தனித்தனி ஆளு மாதிரி. கிட்டங்கி இருப்பைக் குறைக்கிறதுக்கு முன்னாடியே வண்டியக் கூப்பிடுது. வண்டியில பாதி இடம் காலி. ஒடனே அது திரும்பி, 'வேற லோடு இருக்கா?'ன்னு கிட்டங்கியக் கேக்குது. மொத வேலையே முடியல, இருப்பு இன்னும் பன்னெண்டுன்னே கெடக்கு. வரிசையில அடுத்து நின்ன செல்விக்கும் தூக்கிக் குடுத்திருச்சு. ஒரு வேலை முடியுறதுக்குள்ள அதே வேலை திரும்ப உள்ள நுழையுறது, ரீஎன்ட்ரன்சின்னு சொல்வாங்க."

வண்டி பாதி காலியாகக் கிளம்பவே கூடாது என்று அடம் பிடித்தவன் நான்.

நான்: "ஒரு சோலி நடக்கையில கதவைப் பூட்டிருங்களேன்."

"பூட்டிப் பாத்தாச்சு. வண்டி பதிலுக்காக வெளிய நிக்குது, கிட்டங்கி வண்டிக்காக உள்ள நிக்குது. ரெண்டும் அசையல."

முடிவு: முதலில் இருப்பைக் குறை, பிறகு வண்டியைக் கூப்பிடு. நாலு வரி இடம் மாறியது. கம்ப்யூட்டரில் பாதி காலி வண்டியை வேண்டுமென்றே இருபது தடவை அனுப்பிப் பார்த்தோம். இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகவே இல்லை.

கடைக்கு பல்பு வாங்க மறந்தாச்சு.

அக். 8, புதன்
மழை விட்டது. புரோகிராம் சரி, பூண்டு? போனில் பேசினால் வேலைக்கு ஆகாது. இருக்கிற பன்னிரண்டையும் ஏற்றிக்கொண்டு நேரிலேயே.

ராமசாமி: "மெஷின் மேல பழியப் போடாதீங்க பாய்."

போடவில்லை. "அவசரம் என்னோடதுதான். இன்னைக்கு ஆறு மூட்டை, மீதி ஆறு சனிக்கிழமைக்குள்ள" என்றேன். முறைத்தார். அப்புறம், "சரி, ஆறு மூட்டைய எறக்குங்க. கீழ்ப் பாத்தியில ஈரம் நிக்கும், நாலு நாள் தாங்கும்."

மன்னவனூரில் செல்வி லேசில் விடவில்லை. "வாய்ப்பேச்சு வேணாம், எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தது: இன்று ஆளுக்கு ஆறு மூட்டை. மீதி ஆறாறும் சனிக்கிழமைக்குள், வடுகபட்டிச் சந்தையில் நானே பொறுக்கிய மலைப்பூண்டு. விலை பேசியதே. வண்டி வாடகை, ஏற்றுகூலி என் பொறுப்பு.