கடைசி பெஞ்சுக்குப் போன நாற்காலி

மணவாள நகர்
8.7.2024

விஜய்,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. போனில் கேட்டால் சிரித்தே மழுப்புவாய். அதனால் கைப்பட எழுதிப் பதில் போடு.

நம் காலேஜில் எல்லா வகுப்பிலிருந்தும் வாத்தியார் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். கரஸ்பாண்டெண்ட் மீட்டிங்கில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "முதுகு வலின்னா ஊட்ல படுங்க சார். இங்க உட்கார்ந்துகினு பாடம் கிடையாது."

என் முதுகு வலி உனக்கு மட்டும்தான் தெரியும். வேலையை விட்ட அன்று அவர் அறையில் வெகுநேரம் இருந்தாயாமே. என்ன பேசினாய்?

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
15.7.2024

அன்புள்ள அன்புவுக்கு,

சாப்பிடுகிறாயா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

சொன்னது நான்தான். ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கப் போனேன். "காலேஜ்ல இன்னா கொறை, மனசு வுட்டு சொல்லு நைனா" என்றார். போகிறவனுக்கு என்ன பயம் என்று சொன்னேன்: "நாற்காலியெல்லாம் ஆடுது சார். அன்பு முதுகு வலியோட அதக் கடைசி பெஞ்சு வரைக்கும் இஸ்துக்கினு போய், பசங்க பக்கத்துல உட்கார்ந்து கணக்கு சொல்லித் தர்றான். அவனுக்கு ஒரு நல்ல நாற்காலி போடுங்க."

தலையாட்டினார். செய்வார் என்று நம்பினேன்டா.

உன் விஜய்


மணவாள நகர்
22.7.2024

விஜய்,

பாதி நம்புகிறேன். மீதியை நம்ப முடியவில்லை.

அலாரம் அடித்தால் ஒயரை அறுக்கிற ஆள் அவர். அவரிடம் போய் என் பெயரைச் சொல்லியிருக்கிறாய். இப்போது போர்டு பக்கத்தில் நின்று, வகுப்பில் மாட்டியிருக்கும் கேமராவைப் பார்த்து நோட்ஸ் சொல்கிறேன். கடைசி பெஞ்சுக்குப் போவதில்லை. அங்கே யாருக்கும் கணக்கு புரியவில்லை, யாரும் கேட்பதும் இல்லை. பக்கத்து சீட் பூமிகா மேடம் "ஏன் சார் ஒரு மாரி கீறீங்க?" என்றார். எதற்குக் கேட்கிறார், யாரிடம் போய்ச் சொல்வார் என்றுதான் முதலில் தோன்றியது.

எனக்கு ஒரே ஒரு உதவி செய். இனிமேல் என்னைப் பற்றி எங்கேயும் யாரிடமும் வாயைத் திறக்காதே. நல்லதாகக்கூட வேண்டாம். கேட்டால், தெரியாது என்று சொல்.

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
2.9.2024

அன்புராஜுக்கு,

எங்கள் பிளான்டில் புதிதாகச் சேரும் டிப்ளமோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆள் தேடினார்கள். மேனேஜர் மேசையில் உன் விண்ணப்பத்தைப் பார்த்தேன். நீ போட்டிருப்பது எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை போலும்.

"ஒங்க காலேஜ் ஆளுதானே, எப்டி நடத்துவாரு?" என்று கேட்டார்.

கடைசி பெஞ்சு தொண்டை வரைக்கும் வந்தது. உன் கடிதமும் கூடவே வந்தது.

"தெரியாது சார்" என்றேன்.

போன வாரம் வேறொருவர் சேர்ந்துவிட்டார். பாடம் நன்றாகத்தான் எடுக்கிறார். ட்ரெய்னிங் ஹாலில் போட்டிருக்கும் நாற்காலிக்கு நாலு காலிலும் சக்கரம் உண்டு. தள்ளினால் எந்த பெஞ்சுக்கும் போகும். அவர் அதை நகர்த்துவதே இல்லை.

நீ சொன்னபடி நடந்துகொண்டேன் என்று தெரிவிக்கவே இதை எழுதினேன். முதுகைப் பார்த்துக்கொள்.

விஜயகுமார்